அர்ணாக்கயித்த அறுத்த டாக்டரு

எனக்கு டாக்டருங்கள கண்டாலே ஆவாது. இப்பவும் ஆவாது. ஊசிக்கு பயம்னு நெனச்சிக்காதீங்க. ஊசிக்கும் பயம்தான், அது வேற கத. பட்டணத்துல ஒரு ஆஸ்பத்திரில, ஆப்ரேசன் ரூமு வாசல்ல, ஒரு சின்ன டாக்டரு மூக்கு மேல நான் ஒரு குத்து வுட்டேன். மூக்குக்கண்ணாடி ரெண்டா ஒடஞ்சி பூட்ச்சி. அத்த பத்திதான் சொல்லப்போறேன். குத்துனது தப்புன்னு கடசில கண்ண கசக்குவேன்னு எதிர்பாத்து குந்திக்கினு இருந்தீங்கன்னா, எழுந்து போய்டுங்க. நேரம் மிச்சம்.

கும்மிடிப்பூண்டில தொழில்பேட்ட அப்பதான் வந்துக்கினு இருந்துது. முள்ளுக்காட்ட வெட்டி வரிசையா ஷெட்டு போட்டுக்கினு இருந்தானுங்க. ஒண்ணுல இரும்பு உருக்கறான், ஒண்ணுல கெமிக்கல் காச்சறான். நான் கெமிக்கல் கம்பெனில டிரம்மு உருட்டற வேலை. மழைக்கு கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்குனதில்ல, மழ பெஞ்சா நனைஞ்சிக்கினே போயிடுவேன். டிரம்மு மேல மண்டயோடு படம் போட்டிருந்தா தூரமா நின்னு உருட்டணும், படம் இல்லன்னா கட்டிப்புடிச்சி உருட்டலாம். என் படிப்பு அத்தோட முடிஞ்சிது.

பொஞ்சாதி பழவேற்காடு ஏரிக்கரை குப்பத்து பொண்ணு. எறா கூடைய தலைல வெச்சிக்கினு பொன்னேரி வரைக்கும் வித்த வாயி. அவ பஸ்சுல ஏறி பேச ஆரம்பிச்சான்னா கண்டக்டரு விசிலு ஊதறத மறந்துடுவான். எங்களுக்கு ஒரே புள்ள, மூணு வயசு பையன். அவனுக்கு மூத்தரம் சரியா வராது. அவன் வயசு பசங்க செவுத்துல படம் வரைவானுங்க. இவன் பல்ல கடிச்சிக்கினு முக்குவான், வாஷரு போன கொழா மாதிரி சொட்டு சொட்டா வுழும். அடிவயிறு மட்டும் எப்பவும் கல்லு கணக்கா பொடச்சிக்கினு இருக்கும்.

புதுவாயல் கூட்ரோட்டுல ஒரு கம்பவுண்டரு இருந்தான். ஒடம்பு சூடுன்னான். பார்லி கஞ்சி குடுன்னான். குடுத்தோம். உள்ள போன கஞ்சிக்கு வெளிய வர வழி இல்லாம வயிறு இன்னும் பொடச்சிக்கிச்சி. ஒரு நாளு ஜொரம் ஏறி புள்ளைக்கி ஒடம்பு தூக்கி தூக்கி போட்டுது. தூக்கிக்கினு பாசஞ்சரு வண்டி ஏறி பட்டணம் போனோம்.

அங்கதான் பெரிய டாக்டரு. குள்ளமா, வழுக்கையா இருப்பாரு. அவரு செருப்பு சத்தம் கேட்டாலே வார்டுல அழுவுற கொழந்த கூட கம்முனு ஆயிடும். கொழந்தைங்களுக்கு வர்ற மூத்தர கோளாற பத்தியே வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தாராம். என் புள்ள வயித்த தட்டி பாத்துட்டு, என் மூஞ்சிய பாக்காம வயித்துகிட்டயே பேசனாரு.

"மூத்தரம் வர்ற குழாய்ல பொறக்கும்போதே ஒரு சவ்வு இருக்கு. வெளிய போற தண்ணிய சாத்திக்கிற கதவு மாதிரி. வெளிய போக முடியாதது திரும்பி கிட்னிக்கு ஏறுது. கிட்னி ஊறிப் போயிட்டிருக்கு."

"ஏன் சார் வந்துது?"

"வந்துது." அவ்ளோதான் பதிலு.

ரெண்டு ஆப்ரேசன் பண்ணணும்னாரு. மொதல்ல தொப்புளுக்கு கீழ ஒரு ஓட்ட போட்டு, மூத்தரத்த அந்த வழியாவே வெளிய வுட்டுடறது. கிட்னி கொஞ்ச மாசம் மூச்சு வுடும். ஒடம்பு தேறனதும் மறுபடி உள்ள பூந்து அந்த சவ்வ அறுத்துட்டு, வயித்து ஓட்டைய மூடறது. "ரெண்டாவதுக்கு வரலன்னா மொதல்லத பண்றதே வேஸ்ட்டு, புரியுதா?"ன்னாரு. கட்ட வெரல மையில தோச்சி காயிதத்துல வெச்சிட்டு வந்தேன்.

பெரிய டாக்டருக்கு கீழ சின்ன டாக்டரு. டாக்டரு படிப்பு முடிச்சிட்டு மேல்கொண்டு ஆப்ரேசன் கத்துக்கறவரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு, எப்பவும் பாக்கெட்டுல நூலு வெச்சிருப்பாரு. சும்மா நிக்கறப்பல்லாம் கட்டில் கம்பில முடிச்சி போட்டு போட்டு பழகுவாரு. எங்க கட்டில் கம்பி பூரா முடிச்சி. பெரிய டாக்டரு அத்த பாத்தாருன்னா, எங்க எல்லார் முன்னாடியும், "இது கையா காலா? இத வெச்சிக்கிட்டு எந்தக் குழந்தைய தொடப்போற?"ன்னு கைல வெச்சிருந்த இடுக்கியால முட்டில ஒரு தட்டு தட்டுவாரு. சின்ன டாக்டரு மூஞ்சி செவந்து போவும். அந்தாண்ட திரும்பி ஆயாவ திட்டுவாரு. ஆயா என்ன திட்டும். எனக்கு கீழ ஆரும் இல்ல, அதால நான் வெளிய போய் மரபெஞ்சிய ஒதப்பேன். எனக்குதான் கால் வீங்கும்.

என்ன வெளிய தொரத்தறதுக்கு அவங்களுக்கு காரணமும் வேணாம். அந்த வார்டுல ராத்தங்க தாய்ங்களுக்கு மட்டும்தான் அனுமதி. கூட ஒரு பொம்பள இல்லாம புள்ளய சேக்கவே மாட்டாங்க. அப்பனுங்க எல்லாம் கேட்டுக்கு வெளிய, நாயோட நாயா.

மொத ஆப்ரேசன் அன்னிக்கி நர்சம்மா வந்து, நக, தாயத்து எல்லாம் கழட்டிடுங்கன்னு சொல்லிட்டு போச்சி. பொஞ்சாதி தாயத்த கழட்டனா, கால் காப்ப கழட்டனா. இடுப்புல அர்ணாக்கயிறு இருந்துது, கறுப்பு கயிறு. அத்த ஆரும் சொல்லல, அவளும் தொடல. எங்க பக்கத்துல அர்ணாக்கயிறு பழசாச்சின்னா, மொதல்ல புதுச கட்டிட்டு அப்பறம்தான் பழச எடுப்பாங்க. ஒரு நிமிசம் கூட ஆம்பள இடுப்பு வெறுமனே இருக்கக்கூடாது. வெறுமனே அறுக்கறது ஒரே ஒரு நாளுதான். குளிப்பாட்டி பாடைல ஏத்தறாங்களே, அன்னிக்கி.

நாங்க ரெண்டு பேரும் ஆப்ரேசன் ரூமு கதவுகிட்ட தரைல குந்திக்கினு இருந்தோம். கொஞ்ச நேரம் போச்சி. கதவு தொறந்துது. ஆயா ஒரு தட்ட எடுத்தாந்து பொஞ்சாதி கைல குடுத்து, "இந்தாம்மா, உம் புள்ளயோடது"ன்னு சொல்லிட்டு உள்ள போய் கதவ சாத்திக்கிச்சி.

தட்டுல அர்ணாக்கயிறு. கத்திரில அறுத்தது.

அவ அழுவல. கத்தல. தட்ட கீழ வெச்சிட்டு, செவுத்துல சாஞ்சிக்கினு, கண்ண தொறந்துக்கினே இருந்தா. வெளக்க ஆரோ உள்ள கைய வுட்டு அணச்ச மாதிரி இருந்துது. கத்தனது நானு. ஒலகத்துல இருக்கற கெட்ட வார்த்தை எல்லாத்தையும் சொல்லி கதவ ஒதச்சேன். ஆருடா ஒதைக்கறதுன்னு பாக்க சின்ன டாக்டரு வெளிய வந்தாரு. வுட்டேன் குத்து.

மூக்க புடிச்சிக்கினு, "யோவ் பைத்தியக்காரா! உம் புள்ள நல்லாத்தான்யா இருக்கான்! தையல் போட்டுக்கிட்டு இருக்காங்க!"ன்னாரு.

"அப்ப இது இன்னாடா?"ன்னு கயித்த அவரு மூஞ்சிக்கி நேரா ஆட்டனேன்.

"நூலு! வெட்ற எடத்துல குறுக்க இருந்துச்சு, கட் பண்ணேன்!"

"நூலா? ஒங்க ஊட்ல ஆருக்காச்சும் உசுரோட இருக்கறப்ப இத்த அறுத்துருக்கீங்களாடா?"

"எங்க வீட்ல இதெல்லாம் யாரும் பாக்கறதில்ல."

இன்னொண்ணு வுட கைய ஓங்கறதுக்குள்ள வாச்மேனு வந்து பின்னாடி கட்டிப்புடிச்சிக்கினான். பெரிய டாக்டரு கையுறையோட வந்தாரு. என்ன வுட்டுட்டு சின்ன டாக்டரத்தான் கிழிச்சாரு. "ஒரு கயிற மேல தள்ளிவிடத் தெரியாது, நீ சர்ஜன் ஆகப்போறியா?" அப்பறம் என் பக்கம் திரும்பி, "உன்ன போலீஸ்ல புடிச்சிக் குடுத்திருப்பேன். உம் புள்ள எனக்கு வேணும், ரெண்டாவது ஆப்ரேஷனுக்கு. அதால போ"ன்னாரு. ஆராய்ச்சி புள்ளைக்கி அப்பன்ற ஒரே மருவாதைல ஜெயிலு தப்பிச்சேன்.

புள்ளய கொண்டாந்து கட்டில்ல போட்டாங்க. மூச்சு வுடுது. மயக்கத்துல மொனகுது. பொஞ்சாதி பாத்தா. கை நீளல.

ஊடு வந்து சேந்தப்பறமும் கை நீளல. பாய்ல செவுத்த பாத்து படுத்தவ படுத்தவதான். சோறு போட்டா ரெண்டு வாயி. விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிக்கினு கூரைய பாத்துக்கினு கெடப்பா. குளிக்கறதில்ல, தல வாரறதில்ல. எறா வித்த வாயி, ஒரு நாளைக்கி ஒரு வார்த்த பேசனா பெரிசு. ஒரு தபா நான் கிட்ட குந்தி, "புள்ள உசுரோடதான கீறான் மே, கண்ணால பாக்கறல்ல?"ன்னு கேட்டேன்.

"பாக்கறேன். எல்லாம் தெரியுது. எதுவும் கிட்ட வர்ல"ன்னா. அந்த மாசத்துல அவ பேசனதுலயே அதான் நீளம்.

மாமியா குப்பத்துலேர்ந்து புதுக்கயித்த மஞ்சத்தண்ணில நனைச்சி எடுத்தாந்து புள்ள இடுப்புல கட்டனா. கட்டனா சரியாயிடும்னுதான் நானும் நெனச்சேன். ஆவல. மாமியா எழுந்து என் மூஞ்சிக்கி நேரா கைய நீட்டி, "என் பொண்ணு நல்லாத்தான் இருந்தா. நீதான் புள்ளய கத்திக்கி குடுத்து இவள சாவடிச்ச. நீயே ஆக்கி போடு"ன்னுட்டு பஸ்சு ஏறிட்டா. வாசல்லயே துப்பிட்டு போனா. எங்க ஊட்டு ஆளுங்க மட்டும் இன்னா, மோகினி புடிச்சிருக்குது, வேப்பில அடிக்கணும்னானுங்க. அடிச்சானுங்க. எல எலயா வுழுந்துது, கூட்டி அள்ளுனது நானு.

புள்ள வயித்துல ஓட்ட. பூரா நாளும் ஒழுவும். துணி வெச்சி வெச்சி மாத்தணும். பக்கத்தூட்டு அக்கா நான் வேலைக்கி போற நேரம் புள்ளய பாத்துக்கும். திட்டிக்கினேதான் பாத்துக்கும். நான் சாயங்காலம் துணிய தொவச்சி கொடில போடறப்ப ஊரு கேக்கற மாதிரி, "பாருங்கடி, ஆம்பள பீத்துணி காயப்போடறான்!"னும்.

"மூத்தர துணி. பாத்து பேசு."

"ஆமா, பெரிய வித்தியாசம்! நீ தொவைக்கற லட்சணத்துல ரெண்டும் ஒண்ணுதான் போ!"

மாசா மாசம் புள்ளய தூக்கிக்கினு நான் மட்டும் வண்டி ஏறுவேன். மீஞ்சூரு தாண்டறதுக்குள்ள என் சட்ட நனைஞ்சிடும். பக்கத்துல குந்தனவன் எழுந்து போய்டுவான், எனக்கு கால நீட்ட எடம் கெடைக்கும். ஆஸ்பத்திரில சின்ன டாக்டரு புதுக்கண்ணாடி போட்டுக்கினு கட்டு பிரிப்பாரு. அவரும் என்ன பாக்க மாட்டாரு, நானும் அவர பாக்க மாட்டேன்.

"அம்மா எங்க?"

"ஊட்ல. ஒன் புண்ணியத்துல படுத்துக்கினு கீறா."

அவரு குனிஞ்சிக்கினு புதுக்கட்டு போடுவாரு.

கொஞ்ச மாசம் போயி பெரிய டாக்டரு கூப்புட்டாரு. கிட்னி தேறிடுச்சாம். ஆனா வயித்து ஓட்ட சுருங்கிக்கினு வருதாம். "அது மூடிக்கிச்சின்னா மறுபடி உள்ள தேங்கும், கிட்னி போயிடும். மழைக்காலத்துக்கு முன்ன ரெண்டாவத முடிக்கணும். அவங்கம்மாவ கூட்டிட்டு வா, சேத்துக்கறேன்."

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல சார். நான் தங்கறேன் சார். நல்லா பாத்துப்பேன்."

"வார்டு பூரா பொம்பளைங்க. உன்ன உள்ள விட முடியாது. நீ டாக்டரையே அடிக்கற ஆளு."

மாமியாகிட்ட போனேன். "ஒரு தபா அறுத்தது பத்தலயா?"ன்னு கதவ சாத்திக்கினா. பக்கத்தூட்டு அக்காவ கேட்டேன், அதுக்கே ஊடு பூரா புள்ளைங்க. ஆக, பொஞ்சாதி எழுந்தாத்தான் புள்ளைக்கி கிட்னி. அவளோ பாயவுட்டு எழுந்திரிக்கல.

அடுத்த தபா போனப்ப சின்ன டாக்டரு இல்ல. எங்கன்னு ஆயாவ கேட்டேன். "அத்த ஏன் கேக்கற, மனசு சரியில்லன்னு லீவு போட்டுட்டு ஊருக்கு போயிட்டாரு. ஆப்ரேசன் ரூமுலயே நின்னுக்கினு அழுதாராம்"னுச்சி. எனக்கு வண்டில வர்ற வழி பூரா குஷி. எண்ணூருல எறங்கி ஒரு டீ அடிச்சிட்டு அடுத்த வண்டில வந்தேன். அவ்ளோ குஷி.

ஆனா ஆளு திரும்பி வந்துட்டாரு. கொஞ்சம் ஊதிப்போயி, மெதுவா பேசிக்கினு, கைல எப்பவும் ஒரு தண்ணி பாட்டலு. கட்டு மாத்திட்டு என்ன வராந்தாவுக்கு கூப்புட்டாரு. குத்தறதுக்குத்தான் கூப்புடறாருன்னு நான் லுங்கிய மடிச்சி கட்டிக்கினேன்.

"உங்க வீட்டம்மா விடியறதுக்கு முன்னாடி முழிச்சிக்கிறாங்களா?"

"ஏன், ஜோசியம் பாக்கறியா?"

"சாப்படறாங்களா? எதுலயாவது ஆசை இருக்கா? புள்ளய தூக்கறாங்களா?"

நான் லுங்கிய இன்னும் இறுக்கி கட்டனேன். அவரே, "எதிர் பில்டிங்ல மனநோய் டாக்டரம்மா இருக்காங்க. கூட்டிட்டு வாங்க"ன்னாரு.

எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம். "கயித்த நீ அறுத்துட்டு, இப்ப அவள பைத்தியம்னு வேற சொல்றியா? கண்ணாடி புதுசா கீதேன்னு பாக்கறேன்!"

ஆளு அசரல. பாக்கெட்டுலேர்ந்து ஒரு மாத்திரைய எடுத்து என் முன்னாடியே வாயில போட்டு தண்ணி குடிச்சாரு. "இது அந்த நோய்க்கான மாத்திரதான். எனக்கு யாரும் கயிறு அறுக்கல. வந்துச்சு."

"பெரிய டாக்டரு திட்டி திட்டி வந்திருக்கும்."

"அவர் எல்லாரையும்தான் திட்றார். எல்லாருக்குமா வருது? எங்கப்பாவுக்கு ரெண்டு மூணு தடவ வந்திருக்கு, அவர எவனும் திட்னதில்ல. ஒடம்புய்யா இது. கயிறு ஒரு சாக்கா இருந்திருக்கலாம், அது என் தப்பு. ஆனா படுத்துக்கிட்டு இருக்கறது ஒடம்பு. உம் புள்ளைக்கி சவ்வு எப்பிடி வந்துச்சு? யார் வெச்சா? சொல்லு, ரெண்டு பேரும் போய் அடிச்சிட்டு வரலாம்."

பதிலு தெரியலன்னா எனக்கு கோவம் இன்னும் ஜாஸ்தியாவும். மாசக்கணக்கா இவன திட்டித்தான் நான் சோறு தின்னுக்கினு இருந்தேன். இவன் தப்பு பாதிதான்னா மீதிய நான் ஆரு தலைல கட்டறது? அங்கயே அவர நாலு வார்த்த திட்டிட்டு வந்தேன். ஆனா ஊட்டுக்கு வந்து கூட்டிக்கினு போனேன். வேற வழி?

பொஞ்சாதி வரமாட்டேன்னு கூட சொல்லல. எழுன்னா எழுந்தா, ஏறுன்னா ஏறனா. டிரம்ம உருட்டறவனுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல, ஆனா டிரம்மு கூட உருட்டுனா சத்தம் போடும்.

டாக்டரம்மா வயசானவங்க. அவகிட்ட ரொம்ப நேரம் மெதுவா கேட்டாங்க. அப்பறம் என்கிட்ட, "மூளையில ஒரு நரம்புலேர்ந்து இன்னொரு நரம்புக்கு சேதி கொண்டுபோற ரசாயனம் இருக்கு. அது கொறஞ்சா இப்பிடி ஆகும்னு இப்ப ஆராய்ச்சில சொல்றாங்க. முழுசா எங்களுக்கே இன்னும் தெரியாது. மாத்திர அத கொஞ்சம் ஏத்தும்"னாங்க.

"கெமிக்கலா? எங்க கம்பெனில டிரம்மு டிரம்மா கீது மேடம். மண்டயோடு படம் போட்டதா, போடாததா, எது வேணும்?"

டாக்டரம்மா சிரிக்கல. "வேல செய்ய சில வாரம் ஆகும். அதுக்கு முன்ன வாய் வறளும், மலச்சிக்கல் வரும். நல்லது வர்றதுக்கு முன்னாடி கெட்டது வரும். நிறுத்திடாதீங்க."

பொஞ்சாதி ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நான் பைத்தியமா?"

"இல்லம்மா. காச்சல்காரிய யாரும் பைத்தியம்னு சொல்றதில்ல."

கெட்டது மட்டும் சொன்ன மாதிரி கரீட்டா வந்துது. சொம்பு சொம்பா தண்ணி குடிச்சா. வாயில மண்ணு அள்ளி போட்ட மாதிரி கீதுன்னா. நல்லது வர்ற வழியா தெரியல. மாமியா சேதி கேட்டு ஓடியாந்து, "வெஷத்த குடுக்கறான் வெஷத்த"ன்னு மாத்திரைய எடுத்து சாக்கடைல வீசப்போனா. நான் கைய புடிச்சிக்கினேன். என்ன கடிச்சா. மாமியா கடிச்ச தழும்பு காட்டற ஆம்பள தமிழ்நாட்டுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். மழக்காலம் வேற கிட்ட வந்துக்கினு இருந்துது. புள்ள வயித்து ஓட்ட சுண்டுவெரலு நொழையாத அளவுக்கு சுருங்கிப்போச்சி. வேலைல டிரம்ம உருட்டறப்ப மனசுல அந்த ஓட்டதான் சுத்தும்.

அப்பறம் ஒரு சாயங்காலம். ஷிப்டு முடிச்சிட்டு தெருமுனைல வர்றேன், எங்க ஊட்லேர்ந்து சத்தம். பொஞ்சாதி கொடிகிட்ட நின்னுக்கினு, ஒரு துணிய பக்கத்தூட்டு அக்காவுக்கு தூக்கி காட்டறா. தல வாரல, பொடவ கசங்கி கெடக்குது, ஆனா நிக்கறா.

"பாரு கா, இது தொவைச்ச துணியா? கலீஜு! மோந்து பாரு! இத்தயா இத்தன மாசம் என் புள்ளைக்கி கட்டிக்கினு இருந்தான் இந்த சோமாறி?"

"நான் அப்பலேர்ந்து அதான்டி சொல்லிக்கினு கீறேன்!"

ரெண்டு பொம்பளைங்களும் சேந்து என்ன கிழிச்சி தொங்க வுட்டாங்க. சோப்பு போடத் தெரியல, அலசத் தெரியல, புழியத் தெரியல. நான் சாப்பாட்டு டப்பாவ கைல புடிச்சிக்கினு நின்னு கேட்டேன். கொஞ்ச நேரத்துல அவ களைச்சிப்போயி மறுபடி பாய்ல படுத்துக்கினா. ஆனா புள்ளய பக்கத்துல இழுத்து போட்டுக்கினா.

ஒரேடியா சரியாவல. ஒரு நாளு எழுவா, ரெண்டு நாளு படுப்பா. மழ ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஒரு நல்ல நாளா பாத்து ஆஸ்பத்திரில சேத்தோம்.

ஆப்ரேசன் அன்னிக்கி காலைல சின்ன டாக்டரு புள்ளய பாக்க வந்தாரு. நான் கட்டில் ஓரம் நின்னுக்கினு இருந்தேன், இன்னும் தொரத்தல. பொஞ்சாதி அவர மேலயும் கீழயும் பாத்தா.

"நீதான?"

"ஆமாம்மா."

"குறுக்க இருந்துச்சின்னா என்ன கேக்கணுமா இல்லியா? நான் எங்க போயிட்டேன்? ஒரு கதவு தாண்டி குந்திக்கினு இருந்தேன். வாய தொறந்து, யம்மா இத்த எடுக்கணும்னு ஒரு வார்த்த சொன்னா வாயி அழுகிடுமா? பொணத்துக்கு அறுக்கறத தட்டுல வெச்சி குடுத்து அனுப்பற! படிச்சவன்தான நீ? ஒங்கம்மாவுக்கு இப்பிடி ஒரு தட்டு வந்தா அவ தாங்குவாளா? என் ஊட்டுக்காரு ஒன்ன அடிச்சாரு, அப்ப எனக்கு கை எழும்பல. இப்ப எழும்பும், தெரிஞ்சிக்க."

வார்டே பாத்துக்கினு இருந்துது. சின்ன டாக்டரு, பெரிய டாக்டருகிட்ட நிக்கற மாதிரியே, கைய பின்னாடி கட்டிக்கினு நின்னு வாங்கிக்கினாரு. அவருக்கு பழக்கம்தான.

"இந்த தடவ என்ன பண்ணணும், சொல்லுங்க"ன்னாரு.

"புதுக்கயித்த நெஞ்சுல கட்டிட்டு, இடுப்புல இருக்கறத நானே எடுக்கறேன். நெஞ்சுல ஒனக்கு வேல இல்லல்ல?"

அவரு போயி பெரிய டாக்டர கேட்டாரு. "இதுக்குமா என்கிட்ட வருவ? எனக்கு வயிறு போதும்!"னு அங்க ஒரு கத்து கேட்டுது. திரும்பி வந்து தலைய ஆட்டனாரு. அவ கட்டனா, அவளே எடுத்தா.

அப்பறம் சின்ன டாக்டரு தொண்டைய கனச்சிக்கினு, "இன்னொண்ணு. சவ்வ அறுக்கறது இந்த தடவ நான். சார் பக்கத்துல நின்னு பாத்துப்பார்"னாரு.

நான் குறுக்க பூந்தேன். "இவனா? முடிச்சே போடத் தெரியாம கம்பில பழகறவன்! ஆப்ரேசன் ரூமுல நின்னு அழுதவன்! வேணாம் மே, பெரிய டாக்டரே பண்ணட்டும், இல்லன்னா தூக்கிக்கினு போய்டலாம்!"

பொஞ்சாதி என்ன கைய காட்டி அடக்கிட்டு அவர கேட்டா. "மாத்திர சாப்ட்டியா?"

சின்ன டாக்டரு முழிச்சாரு. நான்தான் ஊட்ல சொல்லியிருந்தேன், அவனும் அதே நோயிதான், அவனுக்கு நல்லா வேணும்னு.

"சாப்ட்டேன்மா."

"தெனம் சாப்புடறியா?"

"தெனம் சாப்புடறேன்."

"வாயி வறளுதா?"

"வறளுது."

"எனக்கும் வறளுது. சரி, எடுத்துக்கினு போ."

புள்ளய அவரு கைல குடுத்துட்டா. கைய நீட்டி குடுத்தா.

என்ன வெளிய தொரத்தனாங்க. நான் போவல, படிக்கட்டுக்கு அடில பூந்துக்கினேன். அங்கேர்ந்து அவள பாத்தேன். அதே கதவுகிட்ட, அதே தரைல குந்திக்கினு இருந்தா. ஆயா ஒவ்வொரு தபா கதவ தொறக்கறப்பவும் அவ முதுகு வெறைக்கும். ஆயா கைல ஒண்ணும் இல்லன்னா மறுபடி சாயும். உள்ளேர்ந்து பெரிய டாக்டரு கத்தறது மட்டும் கேட்டுக்கினே இருந்துது. கத்தல் நின்னு போச்சின்னா எனக்கு பயம், ஆரம்பிச்சா அதுக்கு ஒரு பயம்.

கடசில சின்ன டாக்டரு வந்தாரு. முகமூடிய எறக்கிட்டு, என்ன தாண்டி நேரா அவகிட்ட போயி தரையிலயே குந்தனாரு. டாக்டரு தரைல குந்தி நான் பாத்ததில்ல.

"முடிஞ்சிடுச்சும்மா. சவ்வு போயிடுச்சு. நல்லா இருக்கான்."

"நீ அறுத்தியா, அவரு அறுத்தாரா?"

"நான்தாம்மா. அவர் ஆரம்பத்துலேர்ந்து கத்திக்கிட்டே இருந்தார். அறுத்து முடிச்சதுக்கு அப்பறமும் கத்தறார். முடிஞ்சிடுச்சு சார்னு சொன்னேன். ஏன் முடிச்சேன்னு கத்தறார்."

பொஞ்சாதி சிரிச்சா. முந்தானைய வாயில வெச்சிக்கினு, தோளு குலுங்க, அவ பழய சிரிப்பு. அவரும் அவ கூட சேந்துக்கினு கண்ணாடிய கழட்டி தொடச்சிக்கினே சிரிக்கறாரு.

அந்த வருசம் பூரா அவள சிரிக்க வெக்க நான் பண்ணாத கூத்து இல்ல. அவ பொடவைய கட்டிக்கினு ஆடிக்காட்டனேன். மேஸ்திரி மாதிரி நடந்து காட்டனேன். மாமியா என்ன கடிச்சத திருப்பி நடிச்சி காட்டனேன். தொழில்பேட்டைல மூணு கம்பெனி ஆளுங்க என் தமாசு கேக்க டீக்கடைக்கி வருவானுங்க, எங்க ஊட்ல ஒரு பல்லு தெரியல. இவன், ஜென்மத்துல ஒரு தமாசு பேசத் தெரியாதவன், வாங்குன திட்ட வந்து அப்பிடியே சொல்றான், அவ சிரிக்கறா.

புள்ள பொழச்சிட்டான்னு எனக்கும் சந்தோசம்தான், கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. ஆனா அந்தாள நான் நெசமாலுமே வெறுக்க ஆரம்பிச்சது அன்னிக்கி, அந்த படிக்கட்டுக்கு அடிலதான்.